ரைசன் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்வது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

ஓவர்கிளாக், அதாவது ப்ராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, என்றதும் ப்ராசஸர் எரிந்துபோகுமோ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இப்போதைய ப்ராசஸர்கள் சூட்டில் அவ்வளவு லேசில் எரியாது. வெப்பநிலை எல்லையைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் மெஷினையே அணைத்துவிடும். பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. தேவைக்கு மேல் வோல்டேஜ் கொடுத்து ப்ராசஸரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய வைப்பது ஒன்று. நிலையாக ஓடாத ஒரு செட்டிங்கை, 'விண்டோஸ் வந்துவிட்டதே' என்று நம்பி அப்படியே விட்டுவிடுவது இன்னொன்று. அப்படி விட்டால் நீங்கள் காப்பி செய்யும் போட்டோவிலும் சேமிக்கும் கணக்குக் கோப்பிலும் எப்போதாவது தப்பான பைட்டுகள் விழும். கம்ப்யூட்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது.

இந்த இரண்டையும் தவிர்க்கிற மாதிரிதான் கீழே உள்ள படிகளை அமைத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஏஎம்டி ரைசன் 5 5600 ப்ராசஸரையும் ஒரு பி550 மதர்போர்டையும் எடுத்துக்கொள்கிறேன். பட்ஜெட்டில் அசெம்பிள் செய்த பிசிக்களில் அதிகம் பார்க்கிற ஜோடி இது. ப்ராசஸர் 2022 ஏப்ரலில் வந்தது. 6 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட், அதாவது தானாகத் தாவும் உச்ச வேகம், 4.4. உங்களிடம் 5600எக்ஸ், 5700எக்ஸ், 5800எக்ஸ் இருந்தாலும் படிகள் இவையேதான், எண்கள் கொஞ்சம் மாறும். இன்டெல் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எவ்வளவு கிடைக்கும்?

ஆசையை முதலிலேயே அளந்துகொள்வது நல்லது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ப்ராசஸரில், மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் போதும். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். 50 சதவீதம் இலவசம். 2011-ல் வந்த ஐ5 2500கே-யும் அப்படித்தான், 3.3 கிகாஹெர்ட்ஸ் சிப்பைப் பலர் 4.5 வரை கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் கம்பெனிகள் நிறைய இடம் விட்டு விற்றன.

இப்போது அந்த இடத்தை ப்ராசஸரே எடுத்துக்கொள்கிறது. தன் சூடு, மின்னோட்டம், வோல்டேஜ் மூன்றையும் ஒரு வினாடிக்குள் பலமுறை அளந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடுகிறது. நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். 5600-ஐ 4.4-லிருந்து 4.6-க்குக் கொண்டுபோனால் அது 4.5 சதவீதம். 60 ஃப்ரேமில் ஓடும் கேம் 62, 63-ல் ஓடும். அதுவும் கிராபிக்ஸ் கார்டு இடம் கொடுத்தால்தான். கார்டு ஏற்கெனவே முக்கிக்கொண்டிருந்தால் ஒரு ஃப்ரேம்கூட ஏறாது. இதைக் கேட்டு ஏமாற்றமாக இருந்தால், கூலருக்குச் செலவழிக்கப்போகும் பணத்தை நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

ஆனாலும் இந்த வேலையைச் செய்யலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே சொல்லும் முறையில் வேகம் கொஞ்சம் ஏறும்போதே சூடும் ஃபேன் சத்தமும் குறைய வாய்ப்பிருக்கிறது. ஏனென்றால் நாம் வோல்டேஜைக் கூட்டப்போவதில்லை, குறைக்கப்போகிறோம்.

வோல்டேஜ் ஏன் இவ்வளவு முக்கியம்?

ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கு அப்படியல்ல, அதன் வர்க்கத்தில் ஏறும். 1.2 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஓடும் ஒரு சிப்பை 4.7-க்குத் தள்ள 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடியது 7 சதவீதம்கூட இல்லை. வோல்டேஜால் மட்டும் கூடுவது சுமார் 27 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெருக்கினால் வெப்பம் 35 சதவீதம் ஏறுகிறது. 7 கொடுத்து 35 வாங்குவது நல்ல வியாபாரமா?

சூட்டோடு போவதில்லை. அதிக வோல்டேஜும் அதிக வெப்பமும் சேரும்போது, சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகளின் அணுக்களை மின்னோட்டம் மெல்ல நகர்த்துகிறது. எலக்ட்ரோமைக்ரேஷன் என்று இதைச் சொல்வார்கள். இதனால் ப்ராசஸர் ஒரே நாளில் சாகாது. நேற்று வரை ஓடிய செட்டிங் இன்று ஓடாது, அவ்வளவுதான். அப்போது இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் தேய்மானம் இன்னும் வேகமாகும்.

பழைய வீடியோக்களில் 'எல்லாக் கோரும் 4.6, வோல்டேஜ் 1.35, முடிந்தது' என்று சொல்லித் தருவார்கள். 5600 மாதிரியான சிப்பில் அதைச் செய்யாதீர்கள். ஒரே ஒரு கோர் வேலை செய்யும்போது ப்ராசஸர் தானாகத் தாவும் பூஸ்ட் போய்விடும். சும்மா இருக்கும்போதும் அதே வோல்டேஜ் நிற்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எதையும் தொடாத புது ப்ராசஸரிலேயே, ப்ரௌசர் திறக்கும்போது 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பார்த்ததும் பதறுவார்கள்; சிலர் 'கம்பெனியே 1.45 கொடுக்கிறதே, நாமும் கொடுக்கலாம்' என்று கையால் அதையே நிலையாகப் போட்டுவிடுவார்கள். ஒரு கோர், லேசான வேலை, குறைந்த மின்னோட்டம் என்று இருக்கும்போது மட்டும் ப்ராசஸர் அந்த வோல்டேஜுக்குப் போகிறது. ஆறு கோரும் முழுமூச்சில் ஓடும்போது தானே இறக்கிவிடுகிறது. நீங்கள் கையால் போட்டால் இறக்க ஆளில்லை.

தொடங்குவதற்கு முன்

மதர்போர்டு எது என்று பாருங்கள். ஏ320, ஏ520 சிப்செட்டுகளில் ஓவர்கிளாக் கிடையாது. பி450, பி550, எக்ஸ்570 என்றால் சரி. ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி இருக்கும் மின்சுற்றின் மேல் அலுமினியப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பகுதி திறந்து கிடக்கிற மலிவு போர்டில் மின் வரம்பை ஏற்ற வேண்டாம்.

கூலர் விஷயத்தில் கறாராக இருங்கள். பெட்டியோடு வரும் வ்ரெய்த் ஸ்டெல்த் கூலர், ப்ராசஸர் சாதாரணமாக ஓடுவதற்குப் போதும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. அதை வைத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைக்கும் படியை மட்டும் செய்யலாம், மின் வரம்பைத் தொட வேண்டாம். நான்கு ஹீட்பைப்பும் 120 மில்லிமீட்டர் ஃபேனும் உள்ள ஒரு டவர் கூலர் இருந்தால் 5600-க்குத் தாராளம். வாட்டர் கூலர் இந்தச் சிப்புக்குத் தேவையே இல்லை.

பழைய கூலரைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட்டில் ப்ராசஸருக்கு அடியில்தான் 1331 ஊசிக்கால்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது கூலரை நேராகப் பிடுங்கினால், லாக் போட்டிருந்தாலும் ப்ராசஸர் கூடவே கிளம்பி வந்து கால்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையை ஓட்டிச் சூடாக்குங்கள். பிறகு ஆஃப் செய்து, பவர் கேபிளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

அறையின் சூட்டைப் பற்றி வெளிநாட்டு வீடியோக்கள் அதிகம் பேசுவதில்லை, அவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. அங்கே சோதனை 21, 22 டிகிரி அறையில் நடக்கிறது. மே மாதத்தில் சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறை 35-க்குச் சாதாரணமாகப் போகும். அந்த 13 டிகிரி வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே ப்ராசஸரின் சூட்டில் ஏறும். அவர்களின் 72 உங்கள் வீட்டில் 85. டிசம்பரில் செட்டிங் வைத்துவிட்டு 'சூப்பரா ஓடுது' என்று சந்தோஷப்படுகிறவர்களை ஏப்ரல் கடைசியில் பார்க்க வேண்டும். கேபினெட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் தள்ளி வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். அதற்குப் பைசா செலவில்லை, பல நேரங்களில் கூலர் மாற்றுவதைவிட அதிகப் பலன்.

மின்தடையும் நம் ஊர் விஷயம்தான். பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னால் ஓடும், மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்; நாம் மாற்றப்போகும் செட்டிங் எல்லாம் அதில்தான். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புது பயாஸை எடுத்து முதலில் அப்டேட் செய்யுங்கள். ஆனால் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு திரும்ப எழுவது சந்தேகம். பென் டிரைவிலிருந்து பயாஸை மறுபடி எழுத உதவும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் ஒரு மறுவாழ்வு உண்டு. உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ இயங்கிக்கொண்டிருக்கலாம், உங்களுக்கே தெரியாமல். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பயாஸில் இப்போது இருக்கும் திரைகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் கையேட்டைத் திறந்து, சிமாஸ் கிளியர் செய்யும், அதாவது பயாஸ் செட்டிங்கை அழித்து ஆலை நிலைக்குக் கொண்டுபோகும், இரண்டு பின்கள் எங்கே இருக்கின்றன என்று இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். திரை வராமல் நிற்கும்போது தேடுவது எரிச்சல்.

வாரண்டி பற்றி ஒன்று: குறிப்பிட்ட அளவுகளைத் தாண்டி ஓட்டியதால் வரும் சேதத்துக்குத் தன் வாரண்டி பொருந்தாது என்று ஏஎம்டி சொல்கிறது. பயாஸில் அந்த மெனுவைத் திறக்கும்போதே எச்சரிக்கைத் திரை வரும். ஏற்கிறேன் என்று அழுத்தினால்தான் உள்ளே போக முடியும்.

முதல் வேலை, இருப்பதை அளப்பது

எதையும் மாற்றும் முன் மூன்று இலவச மென்பொருட்களை இறக்குங்கள்: சூடு, வோல்டேஜ், வேகம் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ, வேகத்துக்கு மதிப்பெண் போடும் சினிபெஞ்ச் ஆர்23, கோர்களைச் சோதிக்கும் கோர்சைக்ளர். எச்டபிள்யூ இன்ஃபோவை சென்சார் பார்வையில் திறந்து வைத்து, சினிபெஞ்சின் மல்டி கோர் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மதிப்பெண், அதிகபட்ச வெப்பநிலை, ப்ராசஸர் இழுத்த வாட், ஒவ்வொரு கோரின் எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடிய வேகம்). இந்த நான்கையும், அறையின் வெப்பநிலையையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு சிங்கிள் கோர் சோதனை.

5600-க்கு ஏஎம்டி சொல்லும் அதிகபட்ச வெப்பநிலை 90 டிகிரி. எதையும் தொடாமலேயே 85-ஐத் தாண்டுகிறது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பேஸ்ட் காய்ந்துவிட்டதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தாலே வேகம் ஏறும்.

ராமை அதன் வேகத்தில் ஓட விடுங்கள்

பாதிப் பேர் இங்கேதான் வேகத்தை இழந்துகொண்டிருக்கிறார்கள். 3200 என்று எழுதிய ராமை வாங்கிப் போட்டிருப்பார்கள்; டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 2133 அல்லது 2666 என்று காட்டும். பயாஸில் எக்ஸ்எம்பி, சில போர்டுகளில் டிஓசிபி, என்று ஒரு தேர்வு இருக்கும். அதை இயக்கினால் ராம் தன் வேகத்துக்கு வரும். ஒரே ராம் குச்சி போட்டிருந்தால் இன்னொன்று வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். கேமில் இது கொடுக்கும் முன்னேற்றம், கீழே நாம் பாடுபட்டு எடுக்கப்போவதைவிட அதிகமாகவே இருக்கும்.

5600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3200. 3600 ராம் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் ஓடும். அதற்கு மேல் போக வேண்டாம். மாற்றிய பிறகு மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓட்டுங்கள்; இலவசப் பதிப்பு நான்கு சுற்று ஓடும், சில மணி நேரம் ஆகும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த வேகம் வேண்டாம். ராம் சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் ப்ராசஸரில் கை வைத்தால், பின்னால் ப்ளூ ஸ்கிரீன் வரும்போது குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மின் வரம்பு

பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற மெனுவுக்குள் ப்ரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், சுருக்கமாக பிபிஓ, இருக்கும். அதை அட்வான்ஸ்ட் என்று வைத்தால் உள்ளே வரிசையாகத் தேர்வுகள் திறக்கும்.

5600-க்குப் பெட்டியிலிருந்து வரும் வரம்புகள்: பிபிடி 76 வாட், டிடிசி 60 ஆம்பியர், இடிசி 90 ஆம்பியர். முதலாவது மொத்த மின்சாரம். இரண்டாவது தொடர்ந்து ஓடக்கூடிய மின்னோட்டம். மூன்றாவது கண நேர உச்சம். இவற்றை மதர்போர்டு என்று வைத்தால் போர்டு கம்பெனி தன் இஷ்டத்துக்குப் பெரிய எண்களைப் போட்டுவிடும். மேனுவல் என்று வைத்து 95, 70, 100 என்று கொடுங்கள். நல்ல டவர் கூலருக்கு இது அடக்கமான ஏற்றம். அதே மெனுவில் ப்ளாட்ஃபார்ம் தெர்மல் த்ராட்டில் லிமிட் இருந்தால் 85 என்று வைத்துவிடுங்கள். கோடையில் ஃபேன் நின்றாலும் ப்ராசஸர் 85-க்கு மேல் போகாமல் தன்னைப் பார்த்துக்கொள்ள முயலும்.

ஸ்கேலர் என்ற தேர்வைத் தொடாதீர்கள். உச்ச வோல்டேஜில் அதிக நேரம் நிற்க அனுமதிக்கிற வேலை அது. நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான். பூஸ்ட் கிளாக் ஓவர்ரைடு இப்போதைக்குப் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

கர்வ் ஆப்டிமைசர்: உண்மையான வேலை இங்கேதான்

எந்த வேகத்துக்கு எவ்வளவு வோல்டேஜ் என்று ஒவ்வொரு கோருக்கும் ஆலையிலேயே ஒரு வளைகோடு எழுதப்பட்டிருக்கிறது. எல்லாச் சிப்பும் எல்லாச் சூழலிலும் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருப்பார்கள். அந்தத் தாராளத்தைக் கழிப்பதுதான் கர்வ் ஆப்டிமைசர். எண் மைனஸ் 30 வரை போகும். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். மைனஸ் 10 என்றால் 30 முதல் 50 மில்லிவோல்ட் குறைகிறது. வோல்டேஜ் குறைந்தால் சூடு குறைகிறது, மின் வரம்பில் இடம் மிஞ்சுகிறது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ப்ராசஸர் தானே இன்னும் மேலே ஏறுகிறது.

ஆல் கோர், நெகட்டிவ், 10. இதுதான் முதல் அடி. நெகட்டிவ் என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். பாசிட்டிவில் விட்டால் வோல்டேஜ் கூடும், நீங்கள் குறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சேமித்து, விண்டோஸுக்குள் வந்து சினிபெஞ்சை மறுபடி பத்து நிமிடம் ஓட்டுங்கள். நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். அப்புறம் மைனஸ் 15, அப்புறம் 20. ஒவ்வொரு படியிலும் கீழே சொல்லும் சோதனை முடிந்த பிறகுதான் அடுத்த படி. இணையத்தில் யாரோ எல்லாக் கோரும் மைனஸ் 30-ல் ஓடுகிறது என்று படம் போட்டிருப்பார். அவருடைய சிப் அவருக்கு. ஒரே நாளில், ஒரே தட்டில் செய்த இரண்டு சிப்புகள்கூட ஒரே மாதிரி இருக்காது.

மதிப்பெண்ணைக் கவனிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வோல்டேஜ் போதாமல் போகும்போது ப்ராசஸர் உடனே விழுந்துவிடாது, திரையில் 4.6 என்று காட்டிக்கொண்டே உள்ளுக்குள் துடிப்புகளை நீட்டி மெதுவாக ஓடும். சாதாரண கிளாக் எண் உயர்ந்து, எஃபெக்டிவ் கிளாக்கும் மதிப்பெண்ணும் இறங்கினால் அதுதான் நடக்கிறது. அதிகமாகக் கழித்துவிட்டீர்கள், ஒரு படி பின்னால் வாருங்கள்.

சோதனை

எல்லாக் கோரையும் ஒன்றாக முறுக்கும் சோதனை ஒரு மணி நேரம் ஓடியது, ஆகவே நிலையாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் கர்வ் ஆப்டிமைசரில் மிகப் பெரிய ஏமாற்றம். ஆறு கோரும் முழு வேலை செய்யும்போது வேகம் உச்சிக்குப் போவதில்லை. வளைகோட்டின் நடுப்பகுதியில்தான் நிற்கும். உச்சிக்குப் போவது ஒரு கோர் மட்டும் திடீரென்று விழித்து ஒரு சின்ன வேலையைச் செய்யும்போது. அதனால் ப்ராசஸருக்குக் கனமான கணக்குகளைக் கொடுத்துச் சோதிக்கும் ப்ரைம்95 மென்பொருளில் இரவெல்லாம் ஓடிய மெஷின், காலையில் வாட்ஸ்அப் வெப் திறக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது என்று எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளையை, மாற்றியவர்கள்கூட உண்டு.

கோர்சைக்ளர் இதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் எடுத்து ப்ரைம்95-ஐ அதில் ஓட்டும். அந்தக் கோர் தன் உச்ச வேகத்தில் கணக்கைச் சரியாகப் போடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். எது தவறியதோ அதன் எண்ணைச் சொல்லும். தூங்கப் போகும்போது ஓட விட்டுக் காலையில் பாருங்கள். மைனஸ் 15-ல் 2-ஆம் கோர் தவறியது என்றால், ஆல் கோரை விட்டு பெர் கோர் முறைக்கு மாறி, அந்தக் கோரை மட்டும் மைனஸ் 10-க்குக் கொண்டுவாருங்கள். மற்றவை 15-லேயே இருக்கட்டும். ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் சிறந்த கோர்தான் பெரும்பாலும் முதலில் தவறும். ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் ஓடுகிற கோர் அது, அதனிடம் கழிக்க அதிகம் இருக்காது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள். ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், யூடியூபை ஓட விட்டு எழுந்து போங்கள், கேம் ஆடுங்கள், பெரிய ஜிப் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். அந்த வாரம் முக்கியமான வேலையை அந்த மெஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் ஒருமுறை விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்ற பகுதியில் டபிள்யூஎச்இஏ லாகர் (ஹார்ட்வேர் பிழைகளைக் குறித்து வைப்பது) என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். எண் 18 என்றால் ப்ராசஸர் தாங்க முடியாத பிழை, ரீஸ்டார்ட்டோடு வரும். எண் 19 என்றால் திருத்திக்கொள்ளப்பட்ட பிழை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு எதுவும் தெரியாது. 19-ஐயும் மன்னிக்காதீர்கள், ராமை 3600-க்கு மேல் தள்ளியவர்களிடம் இது அதிகம் வரும்.

எல்லாம் சுத்தமாக ஓடினால், விருப்பப்பட்டவர்கள் பூஸ்ட் கிளாக் ஓவர்ரைடை 50 மெகாஹெர்ட்ஸ், பிறகு 100 என்று ஏற்றிப் பார்க்கலாம், உச்சம் 200. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கோர்சைக்ளர் மறுபடி ஓட வேண்டும், ஏனென்றால் வளைகோட்டில் இதுவரை யாரும் போகாத உச்சிக்கு இப்போது போகிறீர்கள். மைனஸ் 20-ல் நன்றாக ஓடிய கோர், 200 சேர்த்ததும் மைனஸ் 10-ல்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கும். என்னைக் கேட்டால், 100-ஓடு நிறுத்தியவர் நிம்மதியாக இருப்பார்.

திரை வரவில்லை என்றால்

முதலில் சில நிமிடம் காத்திருங்கள். ராம் செட்டிங் மாறியிருந்தால் போர்டு அதைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், தானே இரண்டு மூன்று முறை அணைந்து எரியும். பல போர்டுகள் சில தோல்விக்குப் பிறகு பழைய செட்டிங்கில் திரும்பி வரும். வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடிய விடுங்கள். பிறகு அந்த இரண்டு சிமாஸ் பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து வினாடி தொட்டுப் பிடியுங்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். எல்லாம் ஆலை செட்டிங்குக்குப் போய்விடும். மொபைலில் எடுத்த போட்டோ இப்போது உதவும்.

இன்டெல்காரர்களுக்கு

பெயரில் கே இருக்க வேண்டும், போர்டில் இசட் சிப்செட் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றால் பெருக்கியை ஏற்ற முடியாது. ஐ5 12600கே மாதிரியான சிப்பில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 49 என்றால் 4.9 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை ஒவ்வொன்றாக ஏற்றி, வோல்டேஜை வேகத்துக்கு ஏற்ப மாறும் அடாப்டிவ் முறையில் வைத்துச் சோதியுங்கள். சிப்பின் எல்லை 100 டிகிரி என்றாலும் 85-க்குள் நிற்பதுதான் நல்லது.

13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்தால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு முதலில் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அந்தச் சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தாமே தேய்ந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் பயாஸ் அப்டேட்டோடு வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் மென்பொருள்) அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. அடுத்த மாதம் 0எக்ஸ்12பி வந்தது. பாதிக்கப்பட்ட, பெட்டியில் தனியாக விற்ற ப்ராசஸர்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். பயாஸில் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து அதிலேயே விட்டுவிடுங்கள்.

பெயரில் எக்ஸ்3டி என்று முடியும், கூடுதல் கேஷ் மெமரியை அடுக்கிய ஏஎம்டி சிப்புகளும் தனி ரகம். 5800எக்ஸ்3டி-யில் ஏஎம்டி ஓவர்கிளாக்கைப் பூட்டியே விற்றது. ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் 2023-ல் சில 7000 எக்ஸ்3டி சிப்புகள் கருகியதும், ராமைக் கையாளும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல் போகாமல் பயாஸ் வழியாகவே ஏஎம்டி தடுத்தது. அந்தப் போர்டு வைத்திருப்பவர்கள் பழைய பயாஸில் ராம் வேகத்தைக்கூட ஏற்றக் கூடாது. லேப்டாப்பில் இந்த வேலையே வேண்டாம்.

செட்டிங் நிலைத்த பிறகு

பயாஸில் ப்ரொஃபைலாகச் சேமியுங்கள், திரைகளைப் போட்டோவும் எடுங்கள்; அடுத்த பயாஸ் அப்டேட் அந்த ப்ரொஃபைலை அழித்துவிடலாம். அப்டேட்டுக்குப் பிறகு பழைய எண்களை அப்படியே போட்டாலும் கோர்சைக்ளரை ஒரு இரவு ஓட்டுங்கள். ஏப்ரல் முடிவில் சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, நோட்டில் இருக்கும் வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். அறைச் சூட்டைக் கழித்த பிறகும் பல டிகிரி கூடியிருந்தால் கூலரின் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறது. ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதுங்கள்.

கம்ப்யூட்டரை விற்கும்போதும், தம்பி தங்கைக்குக் கொடுக்கும்போதும் பயாஸை டீஃபால்ட்டுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். அவர்கள் வேறு ராம் போடலாம், கூலரை மாற்றலாம். எங்கோ ஒரு கோர் மைனஸ் 20-ல் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?